முதலையை எந்தத் தட்டில் வைப்பது? விலங்கு வகைப்பாட்டு முறைகள் குறித்த ஓர் ஒப்பீடு

ஏறத்தாழ நூறு மாதிரிகள் கொண்ட ஒரு கற்பித்தல் சேகரிப்பைப் புதிதாக அடுக்கித் தரும் வேலை சில காலத்துக்கு முன்பு என்னிடம் வந்தது. ஃபார்மலின் குடுவைகள், ஊசி குத்திய பூச்சிப் பெட்டிகள், சில மண்டையோடுகள், பாடம் செய்த இரண்டு பறவைகள் ஆகியவையே அதன் மொத்தச் சொத்து. பழைய ஒழுங்கில், பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டி வாழும் கொட்டலசு, சிப்பிகளுக்கு நடுவிலும்; பை போன்ற உடல் கொண்ட கடல் உயிரான அசிடியன், கடற்பஞ்சுகளுக்குப் பக்கத்திலும்; முதலைக் குஞ்சு, ஓணானுக்கு அடுத்தும் இருந்தன. எதை எங்கே வைப்பது என்பது இடவசதி பற்றிய கேள்வி போலத்தான் முதலில் தோன்றும். ஆனால் விடை சொல்லத் தொடங்கினால், இரண்டு விலங்குகள் உறவுடையவை என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. பாடநூலின் பாட வரிசையை வகுப்பவரும், காட்சிக்கூடத்தைத் திட்டமிடுபவரும், தாம் பார்த்த உயிர்களைக் குறிப்பேட்டில் தொகுப்பவரும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

இதுவரை பெயரிடப்பட்ட விலங்குச் சிற்றினங்கள் சுமார் 15 இலட்சம். அவற்றில் ஏறக்குறைய 10 இலட்சம் பூச்சிகள். பூச்சிகளுக்குள்ளும் வண்டுகள் மட்டுமே 4 இலட்சத்தை நெருங்குகின்றன. பாலூட்டிகளோ 6,500 அளவில்தான் இருக்கின்றன. இத்தனை பெரிய கூட்டத்தை ஒழுங்குபடுத்த நான் எண்ணிப் பார்த்த வழிகள் நான்கு: வாழிடம் போன்ற ஏதேனும் ஓர் அடையாளத்தைக் கொண்டு பிரிப்பது; 18ஆம் நூற்றாண்டின் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயசின் மரபில் வந்த வகுப்பு, வரிசை, குடும்பம் என்னும் படிநிலையைப் பின்பற்றுவது; எல்லாப் பண்புகளையும் எண்ணி, மொத்த ஒற்றுமையைக் கணக்கிட்டுச் சேர்ப்பது; பரிணாமத்தில் எது எதிலிருந்து கிளைத்தது என்பதை மட்டும் பார்த்து அடுக்குவது.

முதல் வழியில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. நீரில் வாழ்வன, நிலத்தில் வாழ்வன, பறப்பன என்று மூன்று தட்டுகள் வைத்தால் எந்தக் குழந்தைக்கும் புரியும். ஆனால் சுறா, டால்ஃபின், கணவாய், இறால் நான்கும் ஒரே தட்டில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அவற்றைப் பற்றிச் சேர்த்துச் சொல்ல, ஈரமாக இருக்கின்றன என்பதைத் தவிர எதுவும் இருக்காது. புலன்களின் எண்ணிக்கையைக் கொண்டு உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரித்த தொல்காப்பிய மரபியலிலும் ஒற்றை அடையாளத்தின் வலுவும் வரம்பும் சேர்ந்தே தெரிகின்றன. நண்டும் தும்பியும் நான்கறிவில் ஒன்றாக வருகின்றன; இரண்டும் கணுக்காலிகள் என்பதால் இன்றைய கண்ணுக்கு அது வியப்பாகவே இருக்கிறது. ஆனால் தும்பியைப் போலவே பூச்சியான எறும்பு, கரையானோடு சேர்ந்து மூவறிவுக்குப் போய்விடுகிறது. அந்த நூல் விலங்கியல் அட்டவணை எழுத வரவில்லை, ஆகவே இது குறையாகாது. ஒரே ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டால் எவ்வளவு கூர்மையான பார்வைக்கும் இது நேரும் என்பதற்காகச் சொல்கிறேன். களக் கையேட்டுக்கு நிறமும் வாழிடமும் போதும், சேகரிப்புக்குப் போதா.

இரண்டாவது வழிதான் பெரும்பாலோர் பள்ளியில் படித்தது. லின்னேயஸ் 'சிஸ்டமா நேச்சுரே' என்ற தமது நூலின் 10ஆம் பதிப்பை 1758இல் வெளியிட்டபோது, அதில் இடம்பெற்ற விலங்குகள் 4,000க்குச் சற்று மேல். அவற்றை ஆறு வகுப்புகளாகப் பிரித்தார்: பாலூட்டிகள், பறவைகள், இருவாழ்விகள், மீன்கள், பூச்சிகள், புழுக்கள். முந்தைய பதிப்புகளில் மீன்களோடு இருந்த திமிங்கிலங்களைப் பாலூட்டிகளிடம் கொண்டுவந்து சேர்த்ததும் அந்தப் பதிப்பில்தான். டால்ஃபின் காற்றைச் சுவாசிக்கிறது, குட்டிக்குப் பாலூட்டுகிறது என்று அரிஸ்டாட்டில் எழுதி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. மறுபுறம், அவருடைய இருவாழ்வி வகுப்பில் தவளை, பாம்பு, முதலை ஆகியவற்றோடு சுறாவும் இருந்தது. 'புழுக்கள்' என்ற வகுப்போ, வேறெங்கும் இடம் கிடைக்காதவற்றையெல்லாம் தள்ளிவைக்கும் பரண் போல இருந்தது; மண்புழு, நத்தை, நட்சத்திர மீன் எல்லாம் அதற்குள் அடங்கின.

அந்தப் பரணைப் பின்வந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். இன்று விலங்குலகம் முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. படிநிலை மட்டும் அப்படியே நிற்கிறது, அது நிற்பதற்குக் காரணமும் உண்டு. பேரினமும் சிற்றினமும் சேர்ந்த இரட்டைப் பெயர், உலகில் எங்கே எந்த மொழியில் எழுதினாலும் ஒரே உயிரைச் சுட்டுகிறது. விலங்குப் பெயரீட்டுக்கான பன்னாட்டு விதிகள் 1758ஐத் தொடக்கமாகக் கொண்டு, எந்தப் பெயருக்கு முன்னுரிமை என்பதைத் தீர்த்து வைக்கின்றன. குடும்பப் பெயர் தெரிந்தால் பழைய நூல்களில் தேட முடியும், பிற சேகரிப்புகளோடு கடிதப் போக்குவரத்து நடத்த முடியும். ஒரு முகவரி முறை செய்ய வேண்டியதை இது நன்றாகவே செய்கிறது.

சிக்கல், முகவரியை உறவுமுறை என்று நாம் படிக்கத் தொடங்கும்போது வருகிறது. 'வரிசை' என்ற படியை எடுத்துக்கொள்வோம். வண்டுகள் ஒரு வரிசை. அதற்குள் சுமார் 4 இலட்சம் சிற்றினங்கள். கரையானும் எறும்பும் தின்னும் ஆப்பிரிக்கப் பாலூட்டியான ஆர்டுவார்க் ஒரு வரிசை. அதற்குள் இன்று உயிரோடிருப்பது ஒரே ஒரு சிற்றினம். இரண்டுக்கும் ஒரே படிப் பெயர் இருப்பதால், வயதிலோ வேறுபாட்டிலோ இரண்டும் சமம் என்று ஆகிவிடாது. எத்தனை வரிசைகள், எத்தனை குடும்பங்கள் என்று எண்ணிக் காட்டி ஒரு நிலத்தின் உயிர்வளத்தை அளக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆர்டுவார்க் நினைவுக்கு வரும்.

இதைவிட ஆழமான சிக்கல் ஊர்வனவற்றில் இருக்கிறது. ஊர்வன வகுப்பை எப்படி வரையறுக்கிறோம்? ஓடுள்ள முட்டையிடும் பரம்பரையில் வந்து, இறகும் இல்லாமல், மயிரும் இல்லாமல் எஞ்சியவை எவையோ அவையே ஊர்வன. இல்லாமையைக் கொண்டு கட்டிய குழு இது. மீன்களும் அப்படித்தான்: முதுகெலும்பிகளில் நான்கு கால் பரம்பரையைக் கழித்துவிட்டு மீதியைச் சேர்த்தால் மீன்கள் கிடைக்கும். நுரையீரல் மீன், பரம்பரைப்படி பார்த்தால், கெண்டை மீனைவிட நமக்கு நெருங்கிய உறவு. 'முதுகெலும்பற்றவை' இந்தப் பிழையின் உச்சம். நட்சத்திர மீனும் நத்தையும் அங்கே ஒன்றாக நிற்கின்றன, ஆனால் நட்சத்திர மீனின் கிளை நத்தையின் கிளையைவிட நம்முடைய கிளைக்கு அருகில் இருக்கிறது.

முதலைக் குஞ்சை ஓணானுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துத் தனியே வைத்துப் பார்த்தேன். செதிலும் வாலும் குட்டைக் கால்களும் இரண்டுக்கும் பொது. பழைய ஒழுங்கைச் செய்தவர் அவற்றைச் சேர்த்து வைத்ததில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் உடலைத் திறந்தால் கதை வேறு. ஓணானின் இதயத்தில் கீழறை முழுமையாகப் பிரியவில்லை. முதலையின் இதயத்தில் கோழியின் இதயத்தைப் போல நான்கு அறைகள் முழுதாகப் பிரிந்திருக்கின்றன. முதலை கூடு கட்டுகிறது, கூட்டைக் காக்கிறது; பொரிக்கும் நேரத்தில் குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்க, தாய் வந்து கூட்டைத் தோண்டுகிறது. இதைப் பல்லியிடம் தேடினால் கிடைக்காது, கோழியிடம் தேடினால் கிடைக்கும். முதலைகளின் வழியும் பறவைகளின் வழியும் பிரிந்தது ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. பல்லிகளின் வழி அதற்கும் முன்பே பிரிந்துவிட்டது. பறவைகளின் பக்கத்தில் டைனோசர்கள் அத்தனையும் வருகின்றன. ஆகவே 'ஊர்வன' என்ற தட்டில் முதலையை வைத்துப் பறவையை வேறு தட்டுக்கு அனுப்புவது, உடன்பிறந்த இருவரில் ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு, நன்றாக உடுத்தியிருக்கிறார் என்பதற்காக மற்றவரை அயலார் என்று சொல்வதைப் போன்றது.

மூன்றாவது வழி, இந்தச் சிக்கல்களைக் கணக்கால் தீர்க்க முயன்றது. எந்தப் பண்பு முக்கியம் என்று வகைப்பாட்டாளர் தம் விருப்பப்படி முடிவு செய்வதால்தானே தகராறு. அப்படியானால் எல்லாப் பண்புகளுக்கும் ஒரே எடை கொடுத்து, ஒற்றுமையை எண்ணால் அளந்து, கிடைக்கும் குழுக்களை ஏற்றுக்கொள்வோம் என்றார்கள். சோக்கலும் ஸ்னீத்தும் 1963இல் இந்த எண்வழி வகைப்பாட்டின் கொள்கைகளை நூலாக வகுத்தார்கள். யார் செய்தாலும் ஒரே தரவிலிருந்து ஒரே விடை வர வேண்டும் என்ற அதன் நேர்மை எனக்குப் பிடிக்கும். இன்றைய கணினிவழி முறைகள் பலவற்றுக்கு அது பாதை போட்டது. ஆனால் ஒற்றுமை என்பது மூன்று வேறு இடங்களிலிருந்து வரலாம்: அண்மையில் கிடைத்த பொது மூதாதையிடமிருந்து, மிகப் பழைய மூதாதையிடமிருந்து மாறாமல் தங்கியது, அல்லது ஒரே மாதிரியான வாழ்க்கையால் தனித்தனியே உருவானது. மூன்றையும் ஒரே கூடையில் போட்டு எண்ணினால் விடை குழம்பத்தான் செய்யும்.

கொட்டலசு இருந்த குடுவை இதைக் கண்முன் காட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் சுண்ணாம்புத் தகடுகளால் ஆன சிறு கூம்பு. சிப்பி என்றே எவரும் சொல்வார்கள், பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே அதைச் சிப்பி, நத்தை அடங்கிய மெல்லுடலிகளோடு சேர்த்தார். கைக்கண்ணாடியில் தகடுகளின் இடைவெளியை உற்றுப் பார்த்தால் உள்ளே ஆறு இணை இறகு போன்ற கால்கள் மடங்கிக் கிடப்பது தெரியும். தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, கால்களை வெளியே வீசி உணவை வாய்க்கு வாரிக்கொள்ளும் பிராணி அது. 1830 வாக்கில் ஜான் வான் தாம்சன் அதன் இளவுயிரிகள் நீந்தித் திரிவதையும் பின்பு ஒட்டிக்கொண்டு உருமாறுவதையும் கண்டு, இது இறால், நண்டு ஆகியவற்றின் உறவு என்று காட்டினார். டார்வின் 1846 முதல் எட்டு ஆண்டுகளை இந்தக் கொட்டலசுகளுக்கே கொடுத்தார். அதே குழுவைச் சேர்ந்த சாக்குலினா இன்னும் ஒரு படி மேலே போய்விடுகிறது. நண்டின் உடலுக்குள் வேர் போலப் பரவி வாழும் அந்த ஒட்டுண்ணிக்கு முதிர்ந்த நிலையில் ஓடும் இல்லை, காலும் இல்லை, கண்டங்களும் இல்லை. வளர்ந்த உடலை மட்டும் வைத்து மொத்த ஒற்றுமையை எண்ணும் முறை அதைக் கணுக்காலி என்று எப்படிக் கண்டுபிடிக்கும்? ஒற்றைக் கண்ணும் மூன்று இணை உறுப்புகளும் கொண்ட அதன் இளவுயிரிதான் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

ஒற்றுமையை அளக்கும் வழியின் இன்றைய வாரிசு டி.என்.ஏ. பட்டைக்குறி. மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுவின் சுமார் 650 எழுத்துகளைப் படித்து, சேமித்த தொகுப்போடு ஒப்பிடும் இந்த முறையை பால் ஹெபர்ட்டும் அவருடைய குழுவினரும் 2003இல் முன்மொழிந்தார்கள். முட்டை, புழு, இறைச்சித் துண்டு, உதிர்ந்த இறகு என்று எது கிடைத்தாலும் அதன் உரிமையாளரைச் சொல்லிவிடும் என்பது சிறிய விஷயமன்று. என் சேகரிப்பில் பெயர்ச்சீட்டு உரிந்துபோன மாதிரிகளுக்கு இதைவிட நல்ல துணை இல்லை, ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடுகிறது என்ற எரிச்சலைத் தவிர. எனினும் இது அடையாளம் காணும் கருவி மட்டுமே. பவளங்களில் இந்த மரபணு மிக மெதுவாக மாறுவதால் நெருங்கிய சிற்றினங்களைப் பிரிக்கவே தடுமாறுகிறது; மிகப் பழைய கிளைகளின் வரிசையைச் சொல்ல 650 எழுத்துகள் எந்த வகையிலும் போதா. இதைக் கொண்டு அலமாரியை அடுக்குவது, கைரேகையைக் கொண்டு குலவரலாறு எழுதுவதற்குச் சமம்.

எஞ்சியது கிளைவழி வகைப்பாடு. வில்லி ஹென்னிக் 1950இல் ஜெர்மன் மொழியில் எழுதி, 1966இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பிறகு உலகெங்கும் பரவிய முறை இது. இதன் அடிப்படை விதி எளியது: ஒரு குழு என்றால் ஒரு மூதாதையும் அதன் எல்லா வழித்தோன்றல்களும் சேர்ந்திருக்க வேண்டும், ஒருவரையும் விட்டுவிடக் கூடாது. அப்படிப்பட்ட குழுவைக் கண்டுபிடிக்க, புதிதாகத் தோன்றிப் பகிர்ந்துகொள்ளப்பட்ட பண்புகள் மட்டுமே சான்றாகும். மனிதக் கையில் ஐந்து விரல், பல்லிக் காலில் ஐந்து விரல், குதிரைக் காலில் ஒரே குளம்பு. இதை வைத்து மனிதரும் பல்லியும் நெருக்கம், குதிரை தூரம் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் ஐந்து விரல் மூவருக்கும் பொதுவான பழைய மூதாதையின் சொத்து. மயிரும் பாற்சுரப்பியும் பின்னர் வந்தவை. அவை மனிதரையும் குதிரையையும் ஒரு கிளையில் சேர்க்கின்றன.

இந்த வழியின் பெரிய ஆதாயம், இதுவரை பார்க்காத ஒன்றைப் பற்றி முன்கூட்டியே சொல்ல விடுகிறது என்பதே. திமிங்கிலங்களுக்கு இன்று உயிரோடிருக்கும் உறவுகளில் மிக நெருங்கியது நீர்யானை என்று மரபணு ஒப்பீடுகள் 1990களில் சொன்னபோது பலர் நம்பவில்லை. அது உண்மையானால், திமிங்கிலங்களின் பழைய மூதாதைகளுக்கு ஆடு, மாடு, பன்றி, நீர்யானை ஆகிய இரட்டைக் குளம்பிகளுக்கே உரிய, இருபுறமும் கப்பி போல வளைந்த கணுக்கால் எலும்பு இருந்திருக்க வேண்டும். 2001இல், காலுள்ள பழந்திமிங்கிலங்களின் புதைபடிவங்கள் பாகிஸ்தானிலிருந்து விவரிக்கப்பட்டபோது அந்த எலும்பு அப்படியே இருந்தது. கரையான்களின் கதையும் இதற்குக் குறையாது. நெடுங்காலம் தனி வரிசையாக இருந்த அவை கரப்பான்களின் கிளைக்குள்ளேயே தோன்றியவை என்று 2007இல் மரபணுச் சான்று உறுதியாக்கியது. மரம் தின்னும் ஒருவகைக் கரப்பானின் குடலிலும் கரையானின் குடலிலும் ஒத்த நுண்ணுயிர்கள் இருப்பது ஏன் என்ற பழைய கேள்விக்கு அதோடு விடை கிடைத்தது. வல்லூறுகள் பருந்துகளைவிடக் கிளிகளுக்கு நெருக்கமானவை என்று 2008இல் தெரிய வந்ததை மட்டும் இன்னும் என் கண் ஏற்க மறுக்கிறது; அறிவு ஏற்றுக்கொண்டுவிட்டது.

விலை இல்லாமல் இது கிடைப்பதில்லை. முதல் விலை நிலையாமை. உடல் கண்டங்களாகப் பிரிந்திருப்பதைக் கொண்டு மண்புழுவையும் பூச்சியையும் நெருங்கிய உறவாகவே பல தலைமுறைகள் படித்தன. 1997இல் வெளியான ஆய்வு, தோலை உரித்து வளரும் கணுக்காலிகளையும் உருளைப் புழுக்களையும் ஒரே கிளையில் சேர்த்தது. மண்புழு நத்தையின் பக்கம் போய்விட்டது. இரண்டாவது விலை பெயர்களில் இருக்கிறது. ஆய்வகங்களில் எல்லோரும் வளர்க்கும் பழ ஈயான டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் அடங்கிய பேரினம், கிளை விதிப்படி ஒரு முழுக் குழுவாக இல்லை. அதைப் பிரித்தால், மரபியலில் மிகப் புகழ்பெற்ற இந்தப் பெயரே சோஃபோஃபோரா என்று தொடங்கும்படி மாறிவிடக்கூடும். பெயரைக் காப்பாற்ற விதிவிலக்கு கேட்ட விண்ணப்பத்தை விலங்குப் பெயரீட்டுக்கான பன்னாட்டு ஆணையம் 2010இல் ஏற்கவில்லை. ஆகவே, கிளை சரியில்லை என்று தெரிந்தும் பலர் பேரினத்தைப் பிரிக்காமலே வைத்திருக்கிறார்கள். கிளைகளுக்கு மட்டுமே பெயரிடும் தனி விதித்தொகுப்பு ஒன்று 2020இல் நடைமுறைக்கு வந்தாலும், சிற்றினங்களின் பெயர்களை அதுவும் பழைய விதிகளிடமே விட்டுவைத்திருக்கிறது.

இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்த்து நான் கிளைவழியையே தேர்ந்தேன். படிநிலையை முழுக்கக் கைவிடவில்லை. அதைச் சீட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு குடுவையின் மேலும் இரட்டைப் பெயரும் குடும்பப் பெயரும் அழியாத மையில் இருக்கின்றன, அவை அதிகம் மாறா. வகுப்பு, வரிசை எதுவும் குடுவையில் இல்லை. தட்டின் விளிம்பில் செருகும் அட்டையில் கிளையின் பெயரும், அதைக் கிளையாக்கும் ஓரிரு பண்புகளும் எழுதப்பட்டிருக்கின்றன; நாளை கருத்து மாறினால் அட்டையை மாற்றினால் போதும். பாதுகாப்புச் சட்டம் அல்லது அழிவாய்ப்புப் பட்டியல் தயாரிப்பவருக்கு என் தேர்வு பொருந்தாது. அவருக்குச் சிற்றினத்தின் எல்லையே எல்லாம்: ஆப்பிரிக்க யானையை ஒன்றாகக் கருதாமல் காட்டு யானை, புல்வெளி யானை என்று 2021இல் தனித்தனியே மதிப்பிட்டபோது, முன்னது மிக அருகிய நிலையிலும் பின்னது அருகிய நிலையிலும் இருப்பது தெரிந்தது, ஒன்றாக எண்ணியவரை அந்த வேறுபாடு மறைந்திருந்தது. தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு 'மீன்', 'ஊர்வன' என்ற சொற்களை எடுத்துவிடவும் நான் சொல்லமாட்டேன். அவை நல்ல தமிழ்ச் சொற்கள், உருவத்தைச் சுட்டுகின்றன. உறவைச் சுட்டுகின்றன என்று மட்டும் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

அடுக்கி முடித்தபோது முதலை கோழிக்குப் பக்கத்திலும், கரையான் கரப்பானுக்குப் பின்னாலும், கொட்டலசு இறாலோடும் வந்திருந்தன. அசிடியன் கடற்பஞ்சுகளை விட்டு முதுகெலும்பிகளின் தட்டுக்கு ஏறியது. அதன் இளவுயிரியின் வாலில், முதுகெலும்பின் முன்னோடியான முதுகுநாண் இருப்பதை ரஷ்ய விலங்கியலாளர் கோவலெவ்ஸ்கி 1866இல் காட்டியிருந்தார், என் தட்டுக்கு அது இவ்வளவு தாமதமாக வந்தது. அடித்தட்டில் மட்டும் ஒரு தயக்கம் இருந்தது. மற்ற விலங்குகள் எல்லாவற்றையும்விட முதலில் கிளைத்தது கடற்பஞ்சா, சீப்புப் பற்கள் போன்ற நுண்மயிர் வரிசைகளால் நீந்தும் கடல் உயிரான சீப்பு ஜெல்லியா? கடற்பஞ்சுக்கு நரம்பும் தசையும் இல்லாததால் அதுவே முதல் என்று வெகுகாலம் கொண்டார்கள். 2008இல் ஒரு மரபணு ஆய்வு சீப்பு ஜெல்லியை முன்னால் தள்ளியது. 2023இல் நிறப்புரிகளில் (குரோமோசோம்களில்) மரபணுக்கள் அமைந்திருக்கும் ஒழுங்கை ஒப்பிட்ட ஆய்வும் அதன் பக்கமே நின்றது. அது சரியென்றால் நரம்பு இருமுறை தோன்றியிருக்க வேண்டும், அல்லது கடற்பஞ்சின் மூதாதை இருந்ததை இழந்திருக்க வேண்டும். விவாதம் இன்னும் அடங்கவில்லை. இரண்டு குடுவைகளையும் அடித்தட்டில் அருகருகே, ஒன்றுக்கு ஒன்று முன்பின் இல்லாமல் வைத்து, நடுவே அட்டையை எழுதாமல் வெறுமையாகச் செருகியிருக்கிறேன்.